கை கொடுத்த டாக்டர்

மாமல்லபுரத்துக்குப் போகாத தமிழர் குறைவு. கடற்கரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பாறையில் செதுக்கிய யானைக் கூட்டத்தைக் குழந்தைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். அதோடு இன்னொரு காட்சியையும் கண்டிருப்பீர்கள். தெருவோரத்தில் சிற்பிகள் உட்கார்ந்து கல் செதுக்குவார்கள். ஒரு கையில் உளி. மறு கையில் சுத்தியல். டக், டக் என்ற ஓசை காலை முதல் மாலை வரை ஓயாது. இந்தக் கலையைக் கற்றுக் கொடுக்க 1957இல் அங்கே அரசு ஒரு கல்லூரியும் தொடங்கியது.

உளியைப் பிடித்திருக்கும் கையைக் கூர்ந்து பாருங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம். மற்ற விரல்கள் எதிர்ப்பக்கம். இவை ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் உளி நிற்கும். சோற்றைப் பிசைந்து உண்பதும் இப்படித்தான். குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் போடுவதும் இப்படித்தான். அந்த விரல்கள் ஒரு நாள் பருந்தின் நகம் போல மடங்கி, நிமிராமலே போய்விட்டால்?

அப்படி மடங்கிய விரல்களோடு ஆயிரக்கணக்கானோர் நம் நாட்டில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வந்த நோய் தொழுநோய். மடங்கிய விரல்களை நிமிர்த்த முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர் ஒரு டாக்டர். அவருடைய எண்ணத்துக்கு வித்து விழுந்த இடம் எது தெரியுமா? மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் போனால் செங்கல்பட்டு வருகிறது. அங்கே இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிதான் அந்த இடம்.

அந்த டாக்டரின் பெயர் பால் பிராண்ட். அவர் வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில்!

மலையில் வளர்ந்த பையன்

பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி. தாய் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர்கள். அந்தக் காலத்தில் கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். மலேரியாக் காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டு மக்கள் அங்கே போகமாட்டார்கள். அந்த மலையில் குடிசை போட்டு, மலைமக்களுக்கு மருந்து கொடுத்து, தச்சுவேலையும் கட்டட வேலையும் சொல்லிக் கொடுத்து அந்தத் தம்பதிகள் வாழ்ந்தார்கள்.

சிறுவன் பால் மரம் ஏறுவான். மலைப்பிள்ளைகளோடு தமிழ் பேசி விளையாடுவான். ஆனால் தந்தையின் மருத்துவ வேலை மட்டும் அவனுக்குப் பிடிக்காது. சீழும் இரத்தமும் கண்டால் அருவருப்பு.

ஒரு நாள் மூன்று பேர் மலையேறி வந்தார்கள். கைகால்களில் புண். விரல்கள் குறைந்திருந்தன. எப்போதும் நோயாளியைத் தொட்டுப் பேசும் தந்தை, அன்று கையுறை மாட்டிக்கொண்டார். பிள்ளைகளைத் தூரமாக இருக்கச் சொன்னார். புண்ணைக் கழுவிக் கட்டினார். மூவரும் போன பிறகு, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பிள்ளைகள் மிதிக்கக்கூட அஞ்சினார்கள். அந்த அச்சம் பாலின் மனத்தில் பல ஆண்டுகள் தங்கிவிட்டது.

ஒன்பதாவது வயதில் படிப்புக்காக அவனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929இல் தந்தி வந்தது. தந்தை மலையில் கடுங்காய்ச்சலால் இறந்துவிட்டார். பாலுக்கு அப்போது 15 வயது நிறையவில்லை. தந்தி கம்பி வழியே வந்துவிட்டது. ஆனால் கடிதங்கள் கப்பலில் அல்லவா வரவேண்டும்? தந்தை உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் அதன் பிறகும் சில வாரங்கள் வந்துகொண்டே இருந்தன. கொல்லிமலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி இறந்துபோன தந்தை மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்!

தாய் ஈவ்லின் மலையைக் கைவிடவில்லை. கணவர் போன பிறகும் மலைமக்களுக்கு ஊழியம் செய்தார். தொண்ணூறு வயது தாண்டியும் குதிரை மீதேறி ஊர் ஊராகப் போனார். 1974இல் தமது 95ஆம் வயதில் இறந்தார்.

கொத்து வேலையிலிருந்து கத்தி வேலைக்கு

டாக்டர் ஆகமாட்டேன் என்பதில் இளைஞர் பால் உறுதியாக இருந்தார். கட்டட வேலை கற்றார். கல் அடுக்கினார். மரம் இழைத்தார். தந்தையைப் போல மலையில் வீடு கட்டும் ஊழியராகப் போவது அவருடைய திட்டம்.

காட்டு ஊர்களுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் மருத்துவமும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஓராண்டுப் படிப்பு ஒன்று இருந்தது. வேண்டாவெறுப்பாக அதில் சேர்ந்தார். பயிற்சிக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இரத்தம் இழந்து வெளுத்து, பிணம் போலக் கிடந்த ஒரு பெண்ணைக் கண்டார். அவளுக்கு இரத்தம் ஏற்றினார்கள். கன்னத்தில் சிவப்பு ஏறியது. கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். பார்த்துக்கொண்டிருந்த பாலின் கண்ணில் நீர் வந்தது. மருத்துவம் என்பது சீழும் இரத்தமும் மட்டுமல்ல என்று அன்று அவருக்குத் தெரிந்தது.

இலண்டனில் மருத்துவம் படித்தார். உடன் படித்த மார்கரெட்டை 1943இல் மணந்தார். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜெர்மன் விமானங்கள் இலண்டன் மீது இரவு இரவாகக் குண்டு போட்டன. காயம்பட்டவர்களின் கைகால்களை ஒட்டுப்போடும் வேலை இளம் டாக்டர்களின் தலையில் விழுந்தது. நரம்பும் தசையும் பிராண்டுக்கு அங்கே பாடமாயின.

1946இல் அவரைத் தேடி ஒருவர் வந்தார். அவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றவர். செங்கல்பட்டில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வர். கல்லூரிக்கு ஆபரேஷன் கற்றுக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. பிராண்ட் தயங்கினார். மனைவிக்கு இரண்டாவது குழந்தை பிறக்க இருந்த நேரம். காக்ரேன் விடவில்லை. கடைசியில் பிராண்ட் கப்பல் ஏறினார். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தார். இருந்தது சுமார் இருபது ஆண்டுகள்!

செங்கல்பட்டில் அந்த நிமிடம்

1947ஆம் ஆண்டு. காக்ரேன் தம்முடைய செங்கல்பட்டு ஆஸ்பத்திரியைப் பார்க்க வரும்படி பிராண்டை அழைத்தார். நகரை அடுத்த திருமணியில் 1924இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அப்போது அதன் பெயர் லேடி வில்லிங்டன் தொழுநோய் ஆஸ்பத்திரி.

நல்ல மருந்து அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. அதுவரை நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றுவதே வழக்கம். வலி அதிகம். பலன் குறைவு. டாப்சோன் என்ற புதிய மருந்தைக் காக்ரேன் செங்கல்பட்டில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வந்தார். கிருமி அடங்கியது. ஆனால் மடங்கிய விரல் மடங்கியபடியே இருந்தது.

இரண்டு டாக்டர்களும் தோட்டத்தில் நடந்தார்கள். காக்ரேன் தோல் நோயைப் பற்றி விளக்கிக்கொண்டே வந்தார். பிராண்டின் கண் மட்டும் நோயாளிகளின் கைகள் மீதே இருந்தது. ஏன் இந்தக் கைகள் இப்படி ஆகின்றன, இவற்றுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். காக்ரேன் சட்டென்று திரும்பினார். தாம் தோல் டாக்டர் என்றும், எலும்பும் தசையும் படித்தவர் பிராண்ட்தான் என்றும் சொன்னார். இத்தனை பேருக்குக் கை ஊனமாகியும் இதைப் படித்த ஒரு டாக்டர்கூட இந்த நோயாளிகள் பக்கம் திரும்பவில்லையே என்று வருந்தினார்.

அந்தச் சொல் பிராண்டைச் சுட்டது.

சற்றுத் தூரத்தில் ஓர் இளைஞர் தரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். வார் விரல்களுக்கு இடையே நிற்கவில்லை. நழுவி நழுவி விழுந்தது. பிராண்ட் அவர் அருகே போனார். தம் கையை நீட்டினார். முடிந்த மட்டும் அழுத்திப் பிடிக்கும்படி கேட்டார்.

சக்தியற்ற கை, என்ன பிடித்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தார். அடுத்த நொடி வலியில் துடித்துவிட்டார்! இரும்புக் கிடுக்கி போலப் பிடித்தது அந்தக் கை. நகங்கள் பதிந்தன.

வலித்தது கை. விழித்தது மனம். இந்தக் கையில் பலமான தசை இருக்கிறது! விரலை மடக்கும் தசை உயிரோடு இருக்கிறது. நிமிர்த்தும் சிறு தசைகள் மட்டும் செத்துவிட்டன. அப்படியானால் நல்ல தசை ஒன்றை இடம் மாற்றி வைத்தால் என்ன?

பிற்காலத்தில் எத்தனையோ பட்டங்களும் பரிசுகளும் அவருக்குக் கிடைத்தன. ஆனாலும் தம் வாழ்க்கை திரும்பிய இடம் செங்கல்பட்டுத் தோட்டம்தான் என்றே அவர் எப்போதும் சொல்லி வந்தார்.

கெட்ட சதை என்ற கட்டுக்கதை

அந்தக் காலத்தில் டாக்டர்களிடமே ஒரு நம்பிக்கை இருந்தது. தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அதை அறுத்தால் ஆறாது என்பார்கள். பொது ஆஸ்பத்திரிகளில் இந்த நோயாளிக்குப் படுக்கை கிடைப்பதே அரிது. மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம்.

பிராண்டும் அவருடைய துணைவர்களும் செங்கல்பட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்த்தார்கள். எந்த விரல் அசைகிறது, எந்த இடத்தில் உணர்வு இல்லை என்று குறித்தார்கள். ஓர் ஒழுங்கு புலப்பட்டது. எல்லோருக்கும் கெடுவது அநேகமாக ஒரே நரம்புகள். தப்புவதும் ஒரே நரம்புகள். உடம்பில் சூடு குறைந்த, தோலுக்கு அருகிலுள்ள இடங்களில்தான் கிருமி நரம்பைத் தாக்குகிறது. முழங்கைக்குக் கீழே ஆழத்தில் உள்ள சில தசைகள் கெடுவதே இல்லை.

1948இல் வேலூரில் ஆபரேஷன் தொடங்கியது. தசையின் நுனியில் கயிறு போல இருப்பது தசைநார். அதை ஒரு பக்கம் விடுவித்து, விரலை நிமிர்த்தும் இடத்தில் கொண்டுபோய்த் தைத்தார்கள். கட்டு அவிழ்த்தபோது புண் ஆறியிருந்தது. கெட்ட சதை என்பது கட்டுக்கதை! பிறகு பல வாரம் பயிற்சி. பழைய வேலையை மறந்து புது வேலையைத் தசை கற்க வேண்டுமே. மெல்ல மெல்ல விரல் நிமிர்ந்தது. பல ஆண்டுகளாக நாய் போலக் குனிந்து உண்டவர்கள் சோற்றைக் கையால் எடுத்து வாயில் வைத்தார்கள். பார்த்தவர்கள் அழுதார்கள்.

பூட்டும் பூனையும்

ஆனால் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன? அழுகி விழுகின்றன என்றே உலகம் நம்பியது. ஒரு நாள் சாமான் அறையின் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. பிராண்ட் முயன்று தோற்றார். நோயாளிச் சிறுவன் ஒருவன், பத்து வயது இருக்கும், சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பிராண்ட் வியந்தார். கீழே பார்த்தார். தரையில் இரத்தச் சொட்டு. சாவி பையனின் விரலை எலும்பு தெரிய அறுத்திருந்தது. அவனோ சிரித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வலிக்கவே இல்லை!

அப்போதுதான் உண்மை விளங்கியது. விரலைத் தின்பது நோய் அல்ல. நோய் வலி உணர்வைக் கொல்கிறது. வலி இல்லாததால் சூடான பாத்திரமும் கூரான ஆணியும் விரலைத் தின்கின்றன.

இன்னொரு புதிர். இரவு படுக்கும்போது இருந்த விரல் நுனி, காலையில் இல்லை. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி வந்து கடித்தது! தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அன்று முதல் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பூனைகள் காப்பாற்றிய விரல்கள் பல.

நிமிர்ந்த கை, குனிந்த மனம்

இளம் டாக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமை உடையவும் ஒரு நாள் வந்தது.

கை சரியாகி வீடு போனவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. முன்பு கோணல் கையைக் கண்டு இரங்கி யாராவது காசு போட்டார்கள். இப்போது கை நன்றாக இருக்கிறது, பிச்சை கிடைப்பதில்லை. முகத்தில் நோயின் தழும்பு இருக்கிறது, அதனால் வேலையும் கிடைப்பதில்லை. வீட்டில் சேர்ப்பதில்லை. பஸ்ஸில் ஏற்றுவதில்லை. நீங்கள் எங்களுக்கு நன்மை செய்தீர்களா, தீமை செய்தீர்களா என்று கேட்காமல் கேட்டன அந்தக் கண்கள்.

பிராண்ட் கலங்கிப்போனார். கையைத் திருத்தினோம், மனிதனை விட்டுவிட்டோம் என்று உணர்ந்தார். இன்னொரு நிகழ்ச்சியும் அவரை உலுக்கியது. ஒரு நோயாளியின் தோளில் கை போட்டு, என்ன சிகிச்சை செய்யப் போகிறோம் என்று விளக்கினார். அந்த மனிதர் விம்மி அழத் தொடங்கினார். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று பிராண்ட் பதறினார். உதவியாளர் விசாரித்துச் சொன்னார். பல ஆண்டுகளாக அவரை யாரும் தொட்டதே இல்லையாம்.

நோயின் பெரிய புண் மனத்தில்தான் இருந்தது. அதற்கு என்ன ஆபரேஷன்?

வேலூரில் நவஜீவ நிலையம் என்று சில குடிசைகள் எழுந்தன. இளமையில் கற்ற கட்டட வேலை இப்போது கைகொடுத்தது. பிராண்டே செங்கல் அடுக்கினார். கை சரியானவர்களுக்குத் தச்சுவேலை சொல்லிக் கொடுத்தார். மரப் பொம்மைகள் செய்து விற்றார்கள். சம்பாதித்த காசோடு ஊர் திரும்பியவன் தலை நிமிர்ந்து போனான். மனம் நிமிர்ந்த பிறகுதான் கை முழுதாக நிமிர்ந்தது.

ஓர் இரவு

அச்சம் அவரையும் சும்மா விடவில்லை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கா போய்விட்டு இங்கிலாந்து வந்தார். நெடுநேர ரயில் பயணம். உடம்பு சரியில்லை. இரவு அறையில் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்வே இல்லை! ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். வலிக்கவில்லை.

தமக்கும் அந்த நோய் வந்துவிட்டது என்று நினைத்தார். இரவு முழுவதும் தூக்கம் இல்லை. மனைவி என்ன ஆவாள்? பிள்ளைகளைத் தொட முடியுமா? பயப்படாதீர்கள் என்று நோயாளிகளுக்குத் தாம் எத்தனை முறை சொல்லியிருப்போம். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

விடிந்தது. மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். அலறிவிட்டார். வலி! ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததால் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காக மகிழ்ந்து கடவுளுக்கு நன்றி சொன்னவர் அவர். அதன் பிறகு நோயாளியின் அருகே உட்கார்ந்தபோது, அவர் பழைய பிராண்ட் அல்ல.

சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

இந்த வேலைக்கு முதலில் இளம் டாக்டர்கள் வரவில்லை. வீட்டில் தடுப்பார்கள். உறவினர் கேலி பேசுவார்கள். பணமும் இல்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மார்கரெட் கண் மருத்துவம் படித்தவர் அல்ல. ஆள் இல்லை என்று அந்தப் பகுதியில் போட்டார்கள். வேலை செய்துகொண்டே கற்றார். தொழுநோயால் பார்வை இழப்பதைத் தடுக்கும் வழிகளில் உலகம் மதிக்கும் டாக்டரானார்.

இன்னொருவர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்த இளம் டாக்டர். 1954இல் ஒரு கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இனி வாழ்க்கையே இல்லை என்று அவர் மனமொடிந்து கிடந்தார். பிராண்ட் அவரிடம் ஒரு வழி சொன்னார். கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் அல்லவா?

மேரி சக்கர நாற்காலியில் ஆபரேஷன் அறைக்குள் போனார். மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். டாக்டரும் நடக்க முடியாதவர் என்று கண்ட நோயாளிகளுக்கு வந்த தைரியம் எந்த மருந்திலும் வராது. பிறகு அவர் நியூயார்க் சென்று பயின்றார். திரும்பி வந்து வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986இல் மறைந்தார். பிராண்டைத் தூக்கி நிறுத்தியது ஒரு நோயாளியின் கை. மேரியைத் தூக்கி நிறுத்தியதும் நோயாளிகளின் கைதான்.

உலகம் கற்ற பாடம்

1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பல நாட்டு டாக்டர்கள் அங்கே வந்து பிராண்டின் முறையைக் கற்றார்கள். அதே ஆண்டில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியை இந்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. பிராண்டுக்கு 1960இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. 1966இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே புது உண்மை ஒன்றைக் கண்டார். நீரிழிவு நோயாளிகளின் கால் புண்ணுக்கும் இதே காரணம்தான். வலி தெரியாமல் நடப்பதால் புண் வருகிறது. கால் காக்கும் மெத்தென்ற செருப்பும், தினமும் காலைப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் இன்று உலகெங்கும் நீரிழிவுக்காரருக்குச் சொல்லப்படுகின்றன. நம் நோயாளிகளின் பாதங்கள் சொல்லிக் கொடுத்த பாடம் அது!

2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, அமெரிக்காவில், 88ஆம் வயதில் பிராண்ட் மறைந்தார். காக்ரேன் அவருக்கு முன்பே 1985இல் மறைந்துவிட்டார்.

தொழுநோய்க்கு இப்போது பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. 1980களில் வந்த முறை அது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். உணர்வில்லாத தேமல் கண்டால் உடனே காட்டினால் போதும், விரல் மடங்காது. நோயாளிகளை ஒதுக்கி வைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டமும் 2016இல் ஒழிந்தது.

நம் வீட்டு இளம் டாக்டருக்கு

இன்று நம் பிள்ளைகள் பலர் டாக்டருக்குப் படிக்கிறார்கள். செங்கல்பட்டிலேயே 1965இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. படித்து முடித்து, மனநல மருத்துவத்துக்குப் போகிறேன் என்று ஒரு பையனோ பெண்ணோ சொன்னால், வீட்டில் என்ன சொல்கிறோம்? வேறு துறையே கிடைக்கவில்லையா என்கிறோம். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே கேலிச் சொல்லாக்கியவர்கள் அல்லவா நாம்?

அன்று தொழுநோய்க்கு இருந்த இடத்தில் இன்று மனநோய் இருக்கிறது. நோயாளியை மறைக்கிறோம். பெண் கொடுக்கத் தயங்குகிறோம். நோயாளியைத் தொடும் டாக்டரையும் ஒரு மாதிரி பார்க்கிறோம். அந்த இளம் டாக்டரின் வேலை எளிதல்ல. கட்டு அவிழ்த்ததும் ஆறிய புண்ணைக் காட்ட அவருக்கு வழியில்லை. குணம் மெல்ல வரும். சில சமயம் வந்தது போகும். நோயாளிகள் அதிகம், டாக்டர்கள் குறைவு. மாலையில் களைத்து வீடு திரும்பும்போது, நான் செய்வதால் பயன் உண்டா என்ற கேள்வி அவருக்கும் எழும்.

பிராண்டுக்கும் அந்தக் கேள்வி எழுந்தது. கை சரியானவர்கள் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்களே, அன்று எழுந்தது. அவரை அந்த வேலையில் நிறுத்தியது சம்பளம் அல்ல; புகழும் பிறகுதான் வந்தது. மூன்று காரியங்கள் அவரை நிறுத்தின. நோயை மட்டும் பாராமல், ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டார். கேள்வி இருந்த வரையில் வேலை சலிக்கவில்லை. ஒரு பிடி சோற்றைக் கையால் உண்பதையும் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார். தனியாக நிற்கவில்லை, மனைவி, மாணவர், செருப்புத் தைப்பவர், நோயாளி என்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்.

இதில் மூத்தவர்களுக்கும் பங்கு உண்டு. காக்ரேன் அன்று செய்தது என்ன? இளைஞரின் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. அதை அவரிடமே ஒப்படைத்தார். மூத்த டாக்டர் இப்படி வழிவிட்டால் இளம் டாக்டர் நிலைப்பார்.

நமக்கும் பங்கு உண்டு. மனநோய் பார்க்கும் டாக்டர் நம் வீட்டில் இருந்தால் அதைப் பெருமையாகச் சொல்வோம். குணமானவர் அடுத்த வீட்டில் இருந்தால் திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுப்போம். வேலை இருந்தால் வேலை கொடுப்போம். டாக்டரின் உழைப்பு அப்போதுதான் முழுமை பெறும்.

அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது, உளி பிடித்த கையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். திரும்பும் வழி செங்கல்பட்டாக இருந்தால், அங்கே ஓர் இளம் டாக்டர் நீட்டிய கையையும், அதை இறுகப் பிடித்த இளைஞரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அன்று கை கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று அவர்களையே கேளுங்கள்.